வரைபடத்தில் "காலி இடம்": கலைவெளிகளுக்குத் திட்டமிடும் வேலை பற்றி

வரைபலகை:

வணக்கம். சென்னையில் நகரத் திட்டமிடல் முதுநிலை கடைசி ஆண்டு படிக்கிறேன். என் அப்பா நாதஸ்வரக் கலைஞர். ஊரில் இருந்தவரை விடியற்காலையில் ஆற்றங்கரைக்குப் போய் சாதகம் செய்வார். மூன்று வருடத்துக்கு முன்பு என்னோடு சென்னைக்கு வந்தார். அடுக்குமாடி வீட்டில் நாதஸ்வரம் வாசிக்க முடியுமா? ஒரு நாள் மொட்டை மாடியில் வாசித்தார், மறுநாளே சங்கத்திலிருந்து ஆள் வந்துவிட்டது. இப்போது கச்சேரி இருக்கும் நாளில் மட்டும் கருவியை எடுக்கிறார். அவருடைய மூச்சு குறைந்துகொண்டே வருவதை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஆய்வேட்டுக்கு இதையே தலைப்பாக எடுக்கலாம் என்று நினைத்தேன். கலைக்கு நகரத்தில் இடம். வழிகாட்டி "போக்குவரத்து எடு, குடியிருப்பு எடு, வேலை கிடைக்கும்" என்கிறார். இந்தத் துறையில் இருப்பவர்களிடம் கேட்கிறேன்: கலை, பண்பாட்டு இடங்களைத் திட்டமிடுவது என்று ஒரு வேலை உண்மையிலேயே இருக்கிறதா?

மந்தைவெளி:

இருக்கிறது தம்பி. அந்தப் பெயரில்தான் இல்லை. பதினான்கு வருடமாக முழுமைத் திட்டங்கள் (ஓர் ஊரில் எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் "மாஸ்டர் பிளான்") தயாரிக்கும் ஆலோசனை நிறுவனங்களில் வேலை பார்க்கிறேன். எந்த ஒப்பந்தத்திலும் "கலைவெளி" என்ற சொல்லைப் பார்த்ததில்லை. ஆனால் ஓர் ஊரின் கலை எங்கே நிற்கும், எங்கே நிற்காது என்பதை எங்கள் வேலை தினமும் முடிவு செய்கிறது. தெரியாமலே முடிவு செய்கிறோம் என்பதுதான் வருத்தம்.

எனக்கு அது புரிந்த கதையைச் சொல்கிறேன். வட மாவட்டத்தில் ஒரு பேரூராட்சி. நிலப்பயன்பாட்டுக் கணக்கெடுப்புக்குப் போயிருந்தோம். செயற்கைக்கோள் படத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு மனையாக நிறம் தீட்டுவோம். வீடு என்றால் மஞ்சள், கடை என்றால் நீலம். எதுவுமே இல்லாவிட்டால் "காலி". ஊருக்கு மேற்கே திரௌபதி அம்மன் கோயிலுக்கு முன்னால் ஒரு பெரிய திடல். மரம் இல்லை, கட்டடம் இல்லை. "காலி" என்று போட்டுவிட்டு நடந்தேன். பக்கத்தில் டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். "காலி இல்லம்மா, அது படுகளம்" என்றார்.

திரௌபதி அம்மன் கோயில் பாரத விழா பார்த்தவர்களுக்குத் தெரியும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவு முழுக்கக் கூத்து. ஒரு நாள் அர்ச்சுனன் தபசு. உயரமான தபசு மரத்தை நட்டு, அர்ச்சுனன் வேடக்காரர் பாடிக்கொண்டே ஏறுவார். கடைசி நாள் படுகளம், அதாவது பாரதப் போர்க்களக் காட்சி. மண்ணால் துரியோதனனை மல்லாந்து படுத்த உருவமாகச் செய்து வைப்பார்கள். அந்த உருவத்தைச் சுற்றிக் கூத்து நடந்து, திரௌபதி கூந்தல் முடிந்து, மாலையில் தீமிதி. இதற்கெல்லாம் கூரை வேண்டாம், மேடை வேண்டாம். வெறும் மண்தரை வேண்டும், அந்தத் தரை அதே இடத்தில் இருக்க வேண்டும். தபசு மரம் நடும் குழி எங்கே என்று அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்திருந்தது.

வருடத்தில் இருபது நாள் இந்த ஊரின் மிகப் பெரிய அரங்கம் அது. மிச்ச நாள் வெறும் திடல். நான் போனது மிச்ச நாள் ஒன்றில்.

அலுவலகத்துக்கு வந்து, ஊர் நிலங்களின் வகையைக் காட்டும் 'அ' பதிவேட்டைப் பார்த்தேன். அரசுப் புறம்போக்கு, களம் என்று இருந்தது. வரைபடத்தில் திருத்தி "பண்பாட்டுத் திடல்" என்று குறித்தோம். ஆனால் வரைவு வெளிவருவதற்குள் உள்ளாட்சியில் அங்கே மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி கட்டத் தீர்மானம் போட்டிருந்தார்கள். தொட்டி தேவைதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. இரண்டு தெரு தள்ளியும் இடம் இருந்தது. யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் எல்லோர் காகிதத்திலும் அது காலி. இப்போது தொட்டியின் ஒரு கால் தபசுக் குழி இருந்த மூலையில் நிற்கிறது. அடுத்த விழாவில் துரியோதனனைச் சின்னதாகச் செய்தார்கள் என்று அந்தப் பெரியவர் போனில் சொன்னார்.

அன்றிலிருந்து எங்கள் கணக்கெடுப்புப் படிவத்தில் ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன். "இங்கே என்ன இருக்கிறது?" என்பதற்குப் பக்கத்தில் "இங்கே வருடத்தில் என்னென்ன நடக்கும், எந்த மாதம்?" இந்த ஒரு பத்திதான் நீங்கள் கேட்கும் வேலை.

அடிகுச்சி:

அக்கா எழுதியதைப் படித்துவிட்டு மனசு கனத்துப்போய்விட்டது. நான் பறை அடிக்கிறவன், சென்னையில் பசங்களுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். எங்களுக்கு இடம் என்றாலே எல்லோரும் "ஆடிட்டோரியம்" என்றுதான் யோசிக்கிறார்கள். வருடத்துக்கு ஒரு மேடை கிடைக்கும், நாலு நிமிடம் அடிப்போம், கை தட்டுவார்கள். மிச்ச முந்நூற்று அறுபது நாள் எங்கே அடிப்பது?

பறை தோல் கருவி. அடிப்பதற்கு முன்னால் தீயில் காய்ச்சினால்தான் குரல் வரும். கொஞ்ச நேரம் அடித்தால் இறங்கிவிடும், மறுபடி காய்ச்ச வேண்டும். ஆக எங்களுக்குப் பத்துப் பேர் வட்டமாக நின்று ஆட இடம் வேண்டும், பக்கத்தில் வைக்கோலோ காகிதமோ போட்டுத் தீ மூட்ட ஒரு மூலை வேண்டும். எந்தப் பூங்காவில் தீ மூட்ட விடுவார்கள்? எந்தச் சமுதாயக் கூடத்தில் விடுவார்கள்? மழைக்காலத்தில் மேம்பாலத்துக்கு அடியில் அடிப்போம், மற்ற நாளில் கடற்கரை. இரண்டு இடத்திலும் விரட்டியிருக்கிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. பறைச் சத்தம் கேட்டதும் கதவைச் சாத்துகிறவர்கள் எல்லோரும் சத்தத்துக்காகச் சாத்துவதில்லை. வரைபடம் போடுகிறவர்கள் அதையும் தெரிந்துகொண்டு போட வேண்டும். ஊரில் எங்கள் தெருவுக்கும் கோயில் திடலுக்கும் நடுவில் கோடு இருந்தது. நகரத்தில் அந்தக் கோட்டை யாரும் வரையவில்லை, ஆனாலும் இருக்கிறது.

மூன்றாம் மாடி:

நான் கலைக்கு எதிரி இல்லை. ஆனால் மறுபக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும். எங்கள் குடியிருப்புக்கு நேர் எதிரே ஒரு மண்டபம். அம்மா இரண்டு வருடம் படுக்கையில் இருந்தார். முகூர்த்த நாள் என்றால் இரவு பதினொன்றரை வரை ஒலிபெருக்கி. ஜன்னல் அதிரும். காவல் நிலையத்துக்குப் போன் செய்தால் அரை மணி நேரம் குறையும், அப்புறம் மறுபடி ஏறும். அம்மாவின் கடைசி நாள்களில் அவர் காதில் பஞ்சு வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பண்பாட்டு இடம் என்று ஒன்றை எங்கள் தெருவில் குறிக்கப் போகிறீர்கள் என்றால், எங்களையும் கேட்டுவிட்டுக் குறியுங்கள்.

அடிகுச்சி:

அண்ணா, உங்கள் அம்மாவுக்கு நடந்தது யாருக்கும் நடக்கக் கூடாது. நாங்கள் ஒலிபெருக்கி வைப்பதில்லை. மாலை ஆறிலிருந்து ஏழரை வரை அடிப்போம், அவ்வளவுதான். பக்கத்தில் உடம்பு சரியில்லாதவர் இருக்கிறார் என்று யாராவது வந்து சொன்னால் அன்றைக்கே இடம் மாறிவிடுவோம். சொல்லாமல் போலீஸை அனுப்புகிறார்கள், அதுதான் வலிக்கிறது.

தேம்ஸ்கரை:

லண்டனில் உள்ளாட்சித் திட்டமிடல் பிரிவில் வேலை பார்க்கிறேன். இங்கும் இதே சண்டைதான். 2007க்கும் 2015க்கும் இடையில் லண்டனின் சிறிய நேரடி இசை அரங்குகளில் 35 விழுக்காடு மூடப்பட்டன. வாடகை ஒரு காரணம். இன்னொரு காரணம், அரங்குக்குப் பக்கத்தில் புதிதாக வீடு கட்டி, குடிவந்தவர்கள் சத்தம் என்று புகார் கொடுத்து, அரங்கின் உரிமத்துக்கே சிக்கல் வருவது.

அதற்குப் பிறகு வந்த விதியைத் தமிழில் "மாற்றத்தைக் கொண்டுவருபவரே பொறுப்பு" என்று சொல்லலாம். ஏற்கெனவே இருக்கும் அரங்குக்குப் பக்கத்தில் நீங்கள் வீடு கட்டினால், சத்தம் உள்ளே வராமல் சுவரும் ஜன்னலும் அமைப்பது உங்கள் செலவு. வீடுகளுக்கு நடுவில் புதிதாக அரங்கு கட்டினால் செலவு அரங்குக்காரருடையது. ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலம் 2014இல் இதை விதியாக்கியது. இங்கிலாந்தின் தேசியத் திட்டமிடல் கொள்கையில் 2018இல் வந்தது, 2021 லண்டன் திட்டத்தில் தனிக் கொள்கையாகவே இருக்கிறது.

அதற்கு முன்பே மினிஸ்ட்ரி ஆஃப் சவுண்ட் என்ற இரவு விடுதி எதிரே வரவிருந்த அடுக்குமாடியோடு பல வருடம் போராடியது. கடைசியில் ஓர் ஒப்பந்தம். அங்கே வீடு வாங்குகிறவர்கள் விடுதியின் இப்போதைய சத்தத்தை ஏற்றுக்கொண்டுதான் வாங்க வேண்டும். பத்திரத்திலேயே அது இருக்கும்.

மூன்றாம் மாடி அண்ணன் சொன்னதற்கும் இதில் பதில் இருக்கிறது. உங்கள் வீடு முதலில் வந்து மண்டபம் பிறகு வந்திருந்தால், இந்த விதி உங்கள் பக்கம்தான் நிற்கும்.

மந்தைவெளி:

தேம்ஸ்கரை சொன்ன விதி நம் ஊருக்கு வரவேண்டும் என்று நான் பல கூட்டங்களில் பேசியிருக்கிறேன். ஆனால் அப்படியே தூக்கிக்கொண்டு வர முடியாது. அங்கே அரங்கம் ஒரு கட்டடம், உரிமம் இருக்கிறது, யார் முதலில் வந்தது என்று காகிதம் சொல்லும். நம் படுகளம் நூற்றாண்டு பழையதாக இருக்கும், ஆனால் காகிதத்தில் அது காலி. எது முதலில் வந்தது என்று காட்ட ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது. அதனால்தான் முதலில் வரைபடத்தில் ஏற வேண்டும் என்கிறேன். அது ஏறினால்தான் விதிக்குப் பிடிமானம்.

ஒலி பற்றி. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. 2010 திருத்தத்துக்குப் பிறகு இசைக்கருவியும் அதில் சேரும். பண்பாட்டு, சமய விழாவுக்கு வருடத்தில் மொத்தம் 15 நாள், நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்த்தலாம். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. விதி சரியானது, மூன்றாம் மாடி நண்பரின் அம்மாவைப் போன்றவர்களுக்காகத்தான் அது. ஆனால் கூத்து இரவு பத்து மணிக்குத்தான் தொடங்கும், விடியும்போது முடியும். முகவீணையும் மத்தளமும் இல்லாமல் கூத்து இல்லை. புரிசை மாதிரி கூத்துக்குப் பேர்போன ஊர்களின் கலையை எழுத்துப்படி பார்த்தால், நள்ளிரவில் நிறுத்த வேண்டிய குற்றமாகிவிடும். ஊரே ஒன்றுகூடிக் கேட்கிறது, யாரும் புகார் கொடுப்பதில்லை, அதனால் நடக்கிறது. நகரம் அந்த ஊரை விழுங்கும்போது முதல் புகார் வரும்.

எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். புறநகரில் புதிய மனைப்பிரிவு வரும்போதே அந்தத் திடலைச் சுற்றி உடனடியாக வீடு வராதபடி பார்த்துக்கொள்வது. பள்ளி, சந்தை, பேருந்து நிலையம், இரவில் ஆள் இல்லாத எதையாவது அந்தப் பக்கம் வைப்பது. இதற்குப் பெரிய நிதி வேண்டாம். வரைகிற கைக்குத் தெரிந்திருந்தால் போதும்.

அடிகுச்சித் தம்பி சொன்ன தீ மூலை இதுவரை என் மூளையில் உறைத்ததே இல்லை. எழுதி வைத்துக்கொண்டேன்.

களரி:

மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் எல்லாம் சத்தத்தைப் பற்றிக் கதைக்கிறீர்கள், நான் வடிவத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேணும்.

எங்கட வடமோடி, தென்மோடி என்ற இரண்டு பாணிக் கூத்துகளும் வட்டக்களரியில் ஆடுபவை. மண்ணை உயர்த்தி வட்டமாக அமைப்பார்கள். கூத்தைப் பழக்கும் ஆசானான அண்ணாவியார் மத்தளத்தோடு களரிக்குள்ளேயே நிற்பார், ஆட்டக்காரர் சுற்றி ஆடுவார்கள், சனம் நாலு பக்கமும் இருந்து பார்க்கும். முகப்பு, பின்பக்கம் என்று ஒன்றும் இல்லை. 1960களில் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார். அது பெரிய காரியம், படித்த ஆட்கள் கூத்தைத் திரும்பிப் பார்த்தது அதற்குப் பிறகுதான். ஆனால் ஒரு பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்கு ஏற்ப ஆட்டத்தின் நேரமும் கோலமும் மாற வேண்டி வந்தது. கட்டடம் கலையை மாற்றும் என்பதற்கு எனக்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

இரண்டாவது, பழக்கம். ஒரு கூத்து அரங்கேற முன்னம் மாதக்கணக்காக இரவிரவாகப் பழகுவார்கள். சட்டம் கொடுத்து (அவரவர் பாத்திரத்துக்கான ஏட்டைக் கொடுத்து), சதங்கை அணிந்து, அதற்குப் பிறகுதான் அரங்கேற்றம். அந்த மாதங்கள் முழுக்க ஊரே வந்து சுற்றி இருக்கும். சின்னப் பிள்ளைகள் பார்த்துப் பார்த்துத்தான் கூத்துக்காரர் ஆகிறார்கள். ஆகவே பழகும் இடத்துக்குச் சுவர் வைத்தால் அடுத்த தலைமுறை வராது.

யாழ்ப்பாணத்தில் பொது நூலகத்துக்குப் பக்கத்தில் இந்திய உதவியோடு பதினொரு மாடியில் பண்பாட்டு மையம் கட்டி 2023இல் திறந்தார்கள். 600க்கு மேல் இருக்கைகள் கொண்ட மண்டபம், அருங்காட்சியகம் எல்லாம் உண்டு. நல்ல கட்டடம், வேண்டியதுதான். ஆனால் கிராமத்துக் களரிக்கு ஒரு பரப்புக் காணி காட்டித்தாருங்கள் என்றால் பிரதேச சபையில் எந்த மேசைக்குப் போவதென்று இன்னும் எங்களுக்குத் தெரியாது.

மந்தைவெளி:

"பழகும் இடத்துக்குச் சுவர் வைத்தால் அடுத்த தலைமுறை வராது." இதை என் அடுத்த அறிக்கையில் எழுதப் போகிறேன், அனுமதி உண்டென்று நினைக்கிறேன்.

களரி:

தாராளமாக எழுதுங்கோ.

ஓய்வு பெற்றவன்:

முப்பத்தொரு வருடம் நகர் ஊரமைப்புத் துறையில் இருந்தவன். எல்லோரும் மனதைச் சொன்னீர்கள், நான் சட்டத்தைச் சொல்கிறேன். மனது சட்டத்தில் ஏறாவிட்டால் அடுத்த அதிகாரி வந்ததும் போய்விடும்.

முதலில் திறந்தவெளி ஒதுக்கீடு. 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் கட்டுமானம் வந்தால் 10 விழுக்காடு நிலத்தைத் திறந்தவெளியாகத் தானம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். 3,000 முதல் 10,000 வரை என்றால் நிலத்துக்குப் பதில் பணம் கட்டலாம். பெரும்பாலும் பணம்தான் கட்டுகிறார்கள். நிலமாக வந்த இடங்களில் என்ன செய்கிறோம்? சுற்றுச்சுவர், நடைபாதை, நீரூற்று, உடற்பயிற்சிக் கருவி. நடுவில் நாற்பதடிக்கு நாற்பதடி வெறும் தரை விட்டால் போதும். அதற்கு எந்த விதித் திருத்தமும் தேவையில்லை என்பது என் கருத்து. கூரை போட்டுக் கட்டடம் எழுப்பினால்தான் சிக்கல் வரும். பூங்காவுக்கு ஒதுக்கிய நிலத்தை வேறொன்றுக்கு மாற்றக் கூடாது என்று பெங்களூர் வழக்கு ஒன்றில் 1991இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அங்கே பூங்கா நிலத்தை மருத்துவமனை கட்டக் கொடுத்திருந்தார்கள்.

அடுத்து, அம்மா சொன்ன படுகளம். புறம்போக்கு என்றால் கேட்பாரற்ற நிலம் என்று எங்கள் துறையிலேயே பலர் நினைக்கிறார்கள். அது ஊர்ப் பொது நிலம். ஊர்ப் பொது நிலங்களை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்க மாநிலங்கள் திட்டம் வகுக்க வேண்டும் என்று 2011இல் பஞ்சாப் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஊர்க்காரர்கள் கையில் வைத்திருக்க வேண்டிய தீர்ப்பு அது.

மூன்றாவது மிக முக்கியம். 1971 நகர் ஊரமைப்புச் சட்டப்படி, முழுமைத் திட்டத்தின் வரைவு வெளிவந்ததும் மக்கள் ஆட்சேபணையும் யோசனையும் எழுதிக்கொடுக்க இரண்டு மாதமாவது அவகாசம் உண்டு. என் பணிக்காலத்தில் வந்த கடிதங்களில் பத்தில் ஒன்பது "என் நிலத்தை விவசாய மண்டலத்திலிருந்து குடியிருப்பாக மாற்றுங்கள்" என்பவைதான். எங்கள் கூத்துத் திடலை வரைபடத்தில் காட்டுங்கள் என்று ஒரு கடிதம்கூட என் மேசைக்கு வந்ததில்லை. வந்திருந்தால் செய்திருப்பேன்.

அடிகுச்சி:

ஐயா, வரைவு வெளிவந்தது என்று எங்களுக்கு யார் சொல்வார்கள்? அரசிதழிலும் செய்தித்தாளின் உள்பக்கத்திலும் வருகிறது. கூத்துக்காரர் வீட்டுக்கு ஒரு தபால் வருமா?

ஓய்வு பெற்றவன்:

நியாயமான கேள்வி. வராது. வந்திருக்க வேண்டும். நான் இருந்தபோது அனுப்ப வைத்திருக்கலாம், அனுப்பவில்லை.

வரைபலகை:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவில்லை. மந்தைவெளி அக்காவிடம் இரண்டு கேள்வி. விதிகளில் கலைக்கு இவ்வளவு இடம் என்று ஏதாவது அளவுகோல் இருக்கிறதா? அப்புறம், வேலைக்கு எந்த வாசல் வழியாக வருவது?

மந்தைவெளி:

அளவுகோல் இருக்கிறது. மத்திய அரசின் 2014 நகரத் திட்ட வழிகாட்டு நெறிகளில் "இசை, நடனம், நாடக மையம்" என்று ஒரு வரி உண்டு. ஒரு லட்சம் மக்களுக்கு ஒன்று, 1,000 சதுர மீட்டர். சென்னை மாநகராட்சியின் விரிந்த எல்லையில் 2011 கணக்கெடுப்புப்படியே சுமார் 67 லட்சம் பேர். அந்தக் கணக்கில் அறுபதுக்கு மேல் இருக்க வேண்டும். உங்கள் வட்டாரத்தில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். திருமண மண்டபத்தை எண்ணாதீர்கள்.

நெறி என்பது சட்டம் இல்லை, பரிந்துரைதான். பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் உள்ள அட்டவணையை அறிக்கையில் நிரப்புவார்கள், இந்த வரியை விட்டுவிடுவார்கள். நீங்கள் விடாதீர்கள். "தேவை இவ்வளவு, இருப்பது இவ்வளவு, பற்றாக்குறை இவ்வளவு" என்று எண்ணாக ஏறினால்தான் நிதி கேட்க முடியும்.

சின்ன அரங்குகளுக்கு வேறொரு சிக்கல். தேசியக் கட்டட விதித்தொகுப்பில் 50 பேருக்குக் குறையாமல் கூடும் கட்டடம் "கூடுகைக் கட்டடம்" என்ற வகையில் விழும். உட்பிரிவுகள் உண்டு. ஆனாலும் பழைய வீட்டின் கூடத்தில் அறுபது நாற்காலி போட்டு நாடகம் நடத்த நினைக்கும் குழு, திரையரங்கு கட்டுகிறவர் நிற்கும் அதே வரிசையில் வாகன நிறுத்தம், பக்கவாட்டு இடைவெளி, தீயணைப்புச் சான்று என்று நிற்க வேண்டியிருக்கிறது. தீ விஷயத்தில் நான் ஒரு அங்குலம்கூட விட்டுக்கொடுக்கச் சொல்ல மாட்டேன், உயிர் அது. வாகன நிறுத்தத்தில் விட்டுக்கொடுக்கலாம். அறுபது பேர் நாடகத்துக்குப் பேருந்தில் வருகிறார்கள்.

வேலை பற்றி. டிஎன்பிஎஸ்சி வழியாக நகர் ஊரமைப்புத் துறைக்கு வரலாம். பெருநகர வளர்ச்சிக் குழுமம், மாநகராட்சி, எங்களைப் போன்ற ஆலோசனை நிறுவனங்கள், கல்லூரி ஆய்வு மையங்கள் இருக்கின்றன. எதிலும் உங்களைக் கலைக்கென்று எடுக்க மாட்டார்கள். போக்குவரத்துக்கு எடுப்பார்கள். பேருந்து நிறுத்தம் குறிக்கப் போன இடத்தில் அரசமரத்தடியில் பஜனை நடப்பதைப் பார்த்து எழுதி வைப்பது உங்கள் பொறுப்பு. உங்கள் வழிகாட்டி சொல்வதும் தப்பில்லை. போக்குவரத்தையும் கற்றுக்கொள்ளுங்கள். கடைசிப் பேருந்து ஒன்பதரைக்கு என்றால் அந்தப் பகுதியில் நாடகம் எட்டரைக்கு முடிந்தாக வேண்டும்.

தினசரி வேலை எப்படி இருக்கும் என்றால், வெயிலில் நடப்பது, புலப்படத்தோடு (நில அளவை வரைபடத்தோடு) ஒப்பிடுவது, கூட்டத்தில் இரண்டு நிமிடம் பேச இடம் கேட்பது. மாநில அரசின் சென்னை சங்கமம் போன்ற விழாவில் பூங்காக்களில் மேடை போடுவார்கள். அந்த நாள்களில் நான் போய் மின் இணைப்பு எங்கே, கழிப்பறை எங்கே, ஒப்பனை எங்கே செய்கிறார்கள் என்று பார்ப்பேன். ஒரு தடவை பொய்க்கால் குதிரைக் கலைஞர்கள் ஒரு லாரிக்குப் பின்னால் கட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள், இருவர் பெண்கள். விழா நான்கு நாளில் முடிந்துவிடும். உடை மாற்ற ஒரு அறை அந்தப் பூங்காவில் நிரந்தரமாக இருந்தால் வருடம் முழுக்க அங்கே ஏதாவது நடக்கும்.

தேக்கா:

சிங்கப்பூரில் நாடகக் குழு ஒன்றில் இருக்கிறேன். இங்கே பழைய கட்டடங்களைக் கலைக் குழுக்களுக்குச் சலுகை வாடகையில் தரும் அரசுத் திட்டம் 1985இல் தொடங்கியது. பிறகு வந்த தேசியக் கலை மன்றம் அதை நடத்துகிறது. பழைய பள்ளிக்கூடமாக இருந்த அலிவால் கலை மையம் அப்படி வந்ததுதான். ஆனால் வாடகைக்கு இருப்பவர் என்றைக்கும் வாடகைக்கு இருப்பவர்தான். 1990இல் பழைய துணைமின் நிலையத்தில் தொடங்கிய சப்ஸ்டேஷன் இங்கே பலருக்கு முதல் மேடை. கட்டடத்தைப் புதுப்பிக்க வேண்டும், பிறகு பல குழுக்கள் பகிரும் இடமாக்கப்படும் என்று முடிவானது. 2021இல் சப்ஸ்டேஷன் அங்கிருந்து வெளியேறியது. சுவர் இன்னும் நிற்கும். அந்த இடத்தை நடத்திய கை அங்கே இல்லை.

மந்தைவெளி:

இதனால்தான் சென்னைக்குப் பக்கத்தில் உள்ள சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நான் அடிக்கடி நினைப்பேன். 1966இல் கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு இருந்த ஓவியர்களும் பத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்ற காசில் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கினார்கள். அப்போது அது வெறும் மணல். இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் நிலம் என்ன விலை என்று எல்லோருக்கும் தெரியும். நிலம் அவர்கள் கையில் இருந்ததால்தான் அந்தக் கிராமம் இன்றும் இருக்கிறது என்பது என் எண்ணம். இன்றைக்கு எந்தக் கலைஞர் கூட்டமும் அப்படி வாங்க முடியாது. ஆகவே பொது நிலத்தை விட்டால் வேறு கதி இல்லை.

அடிகுச்சி:

பொது நிலம் சரி, பொதுச் சாவி யாரிடம்? எங்கள் பகுதியில் ஒரு சமுதாயக் கூடம் இருக்கிறது. நல்ல கட்டடம், மின்விசிறி எல்லாம் ஓடும். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்றால் திறப்பார்கள். வாரத்துக்கு இரண்டு மாலை பயிற்சிக்குக் கேட்டேன். மூன்று பேரிடம் அனுப்பினார்கள், மூன்றாமவர் முதலாமவரிடம் அனுப்பினார். கட்டணப் பட்டியலில் "விழா" மட்டும்தான் இருக்கிறது, முழு நாள் கட்டணம். ஒன்றரை மணி நேரத்துக்கு என்று ஒரு வரியே இல்லை. நான் ஏமாற்றப்பட்டேன் என்று சொல்லவில்லை. அந்த அதிகாரிக்கு எந்தத் தலைப்பில் ரசீது போடுவது என்றே தெரியவில்லை.

ஓய்வு பெற்றவன்:

இது மன்றத் தீர்மானம் ஒன்றில் தீரும். கட்டணப் பட்டியலில் "கலைப் பயிற்சி, மணிக்கணக்கு" என்று ஒரு இனம் சேர்க்க வேண்டும். வார்டு உறுப்பினர் கொண்டுவந்தால் போதும். மனு நான் எழுதித் தருகிறேன் தம்பி, தனிச்செய்தி அனுப்புங்கள்.

மூன்றாம் மாடி:

அந்த மனுவில் நேரத்தையும் எழுதுங்கள். மாலை எட்டுக்குள், ஒலிபெருக்கி இல்லாமல் என்று இருந்தால் எங்கள் பகுதிக் கூடத்துக்கும் அதே மனுவில் நான் கையெழுத்துப் போடுகிறேன். எங்கள் கூடமும் பூட்டித்தான் கிடக்கிறது. அம்மாவுக்கு நாதஸ்வரம் ரொம்பப் பிடிக்கும். வரைபலகை, உங்கள் அப்பா வாசிக்கக் காலை நேரம் வேண்டுமென்றால் அதையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

வரைபலகை:

அண்ணா, இதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை, பெட்டியைத் திறந்து சீவாளியை எடுத்துத் தண்ணீரில் நனைத்துக்கொண்டிருந்தார்.

வழிகாட்டியிடம் பேசிவிட்டேன். தலைப்பு இதுதான், போக்குவரத்தை ஒரு அத்தியாயமாகச் சேர்த்துக்கொள்கிறேன் என்று ஒத்துக்கொண்டோம். ஒரே ஒரு வார்டு. அக்காவின் "வருடத்தில் என்ன நடக்கும்" பத்தியோடு போன ஞாயிறு நடக்கத் தொடங்கினேன். முதல் நாளே பதினொரு இடம். ஆடி மாதம் மட்டும் கரகம் ஆடும் முச்சந்தி, சனிக்கிழமை கானா பாடும் படிக்கட்டு, மழை இல்லாத நாளில் சிலம்பம் சொல்லிக்கொடுக்கும் பள்ளி மதில் ஓரம். அரசு வரைபடத்தில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொன்றுக்கும் அளவு எடுக்க வேண்டும்: எத்தனை அடி, எத்தனை பேர், எந்தப் பக்கம் வீடு, தண்ணீர் எங்கே.

அடிகுச்சி அண்ணா, நீங்கள் அடிக்கும் கடற்கரை இடத்தையும் அளக்க வரலாமா?

அடிகுச்சி:

ஞாயிற்றுக்கிழமை ஐந்தரைக்கு வா தம்பி. ஆறு மணிக்கு வந்தால் ஆட்டத்தை மட்டும்தான் பார்ப்பாய். பசங்க தீ மூட்டிப் பறையைச் சுற்றி வைக்கும்போதே இருந்தால்தான் எவ்வளவு இடம் வேண்டும் என்று தெரியும். டேப் கொண்டு வா. அப்பாவையும் கூட்டிக்கொண்டு வா.